சுராங்கனி: கடல் கடந்து வந்த பல்லவி

மெட்டின் பயணம் – பகுதி 11

ஒரு பாடலின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா, அதில் எதனைப் பாடலாகக் கொள்வது என்பதாகும். சொல்லும் மெட்டும் குரலும் ஒன்றாகப் பிணைந்து ஒரே இசைத்தட்டில் பதிவாகி, அந்தப் பதிவு மட்டுமே காலந்தோறும் கேட்கப்பட்டு வருமானால் இவ்வினா எழுவதில்லை. ஆனால் ஒரு பாடல் நாடு விட்டு நாடும் மொழி விட்டு மொழியும் சென்று, ஒவ்வோர் இடத்திலும் வேறொருவர் குரலில் வேறு சொற்களோடு ஒலிக்கத் தொடங்கும்போது, எது மாறியது, எது நின்றது என்று பிரித்துப் பார்த்தாலன்றி அதன் வரலாறு பிடிபடாது. தமிழ் கேட்போர் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பாடிவரும் 'சுராங்கனி' இவ்வகைப் பாடல்களுள் முதன்மையானது. சிங்களப் பல்லவியும், போர்த்துக்கீசியர் காலத்தில் வேர்விட்ட தாளமும், யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரின் குரலும், பண்ணைப்புரத்து இசையமைப்பாளர் ஒருவரின் திரையிசையும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வந்து சேர்ந்தன. அந்த வாழ்க்கையையும், மதுரை வட்டாரம் அதற்கு எளிதில் இடம் கொடுத்ததன் காரணங்களையும் இப்பகுதி ஆராய்கிறது.

மெட்டுக்குப் பாட்டு

ஒருவர் பாடிப் பதிவு செய்த பாடலை மற்றொருவர் தம் குரலில் மீண்டும் பாடிப் பதிவு செய்வதை மேலை இசை வணிகம் 'கவர் வெர்ஷன்' என்று அழைக்கிறது. இதனைத் தமிழில் மறுபாடல் எனலாம். மறுபாடலில் சொல்லும் மெட்டும் அப்படியே இருக்க, பாடுபவரும் பக்க வாத்தியங்களும் மட்டுமே மாறுகின்றன. மெட்டை வைத்துக்கொண்டு புதுச் சொற்களை இட்டு நிரப்புவது இதனின்றும் வேறானது. தமிழகத்தில் மறுபாடலைவிட மிகப் பழமையானதும் இதுவே. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும், காலணா அரையணாவுக்குச் சந்தைகளில் விற்ற சிறு பிரசுரங்களிலும், ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் அது எந்தப் பாட்டின் மெட்டில் பாடப்பட வேண்டும் என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். இந்தக் குறிப்பை 'வர்ணமெட்டு' என்றனர். படிப்பவருக்குச் சுரக் குறிப்பு தெரிய வேண்டியதில்லை. முந்தைய பாட்டு காதில் இருந்தால் போதும்.

இந்த வழக்கம் செழித்த இடங்களுள் மதுரை முதன்மையானது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்னும் சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியது மதுரையில்தான். மதுரையைத் தம் களமாகக் கொண்டு நாடகங்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் தேசிய இயக்க மேடைகளுக்கும் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ், 1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்துக்கும் பாடல்கள் எழுதினார். பார்ஸி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டுகளும், காவடிச்சிந்தும், தெம்மாங்கும் அக்கால மேடையில் ஒரே இரவில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. எந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்போர் அறிந்தே ரசித்தனர். மெட்டு ஊர்ப் பொது, சொல் புலவருடையது என்னும் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று அங்கே நிலவியது என்று கொள்வது தவறாகாது.

நாடக மேடை தளர்ந்த பின்னர் இந்த ஒப்பந்தம் அரசியல் மேடைக்கு மாறியது. அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரக் கூட்டங்களில், மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய திரைப்பாட்டு மெட்டுகளுக்குக் கூலியையும் விலைவாசியையும் தேர்தலையும் பற்றிய சொற்களைப் பொருத்திப் பாடினார். ஆர்மோனியமும் கிதாரும் தபேலாவுமாக அவருடன் ஊர் ஊராகச் சென்ற தம்பியருள் ஒருவரே பின்னாளில் இளையராஜா என்று அறியப்பட்டவர். ஒரு மெட்டின் எலும்புக்கூடு எது, அதன்மேல் போர்த்திய சதை எது என்று பிரித்தறியும் பயிற்சியை அந்த மேடைகளே அவருக்கு முதலில் அளித்தன. 'சுராங்கனி' திரைக்கு வந்த விதத்தை விளங்கிக்கொள்ள இந்தப் பின்னணி இன்றியமையாதது.

பைலாவின் பிறப்பு

'சுராங்கனி'யின் இசை வகை பைலா எனப்படுகிறது. போர்த்துக்கீசிய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த இப்பெயர், இலங்கையின் மேற்குக் கடற்கரையில் விருந்துகளிலும் திருமணங்களிலும் பாடி ஆடப்படும் துள்ளலான இசையைச் சுட்டுகிறது. போர்த்துக்கீசியர் 1505-இல் இலங்கைக் கரையை அடைந்து, 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழக்கும் வரை கரையோரப் பகுதிகளை ஆண்டனர். அவர்களோடு படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் ஆப்பிரிக்கரும் வந்து சேர்ந்தனர். இலங்கையில் காப்பிரியர் என்று அழைக்கப்பட்ட அம்மக்களின் தாளக்கட்டும் போர்த்துக்கீசியரின் பாட்டும் கலந்து உருவான ஆட்டப்பாட்டு 'கப்ரிஞ்ஞா' எனப்பட்டது. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் காப்பிரியரும், மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கீசிய வழிப் பறங்கியரும் அம்மரபின் எச்சங்களை இன்றளவும் பேணி வருகின்றனர்.

கப்ரிஞ்ஞா மேடைப் பாட்டாகவும் சிங்களப் பாட்டாகவும் உருமாறியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். காவல்துறையில் பணியாற்றிய வோலி பஸ்டியன்ஸ் என்பவர் 1940-களில் கப்ரிஞ்ஞா மெட்டுகளுக்குச் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடினார். பைலாவின் தந்தை என்று அவரையே இலங்கையர் போற்றுகின்றனர். தலைவர் ஓரடி பாட, சூழ்ந்திருப்போர் அதனைத் திருப்பிப் பாடும் கூட்டிசை முறை அவரால் நிலைபெற்றது. அடுத்த பத்தாண்டில் கரீபியத் தீவுகளின் கலிப்ஸோ இசை உலகெங்கும் அலையாகப் பரவியது. ஹாரி பெலஃபான்டேயின் 'கலிப்ஸோ' இசைத்தட்டு 1956-இல் வெளிவந்த பின்னர், கொழும்பிலும் நீர்கொழும்பிலும் கிதார், போங்கோ, மரக்காஸ் ஆகியவற்றுடன் இளைஞர் குழுக்கள் புற்றீசல்போல் தோன்றின. 1960-களில் கிளாரன்ஸ் விஜேவர்தன உள்ளிட்டோர் நடத்திய 'மூன்ஸ்டோன்ஸ்' குழு, மின்கிதாரைக் கொண்டு சிங்கள மெல்லிசையின் போக்கையே மாற்றியது. பைலாவின் தாளமும் கலிப்ஸோவின் வாத்திய அமைப்பும் சேர்ந்த இந்தச் சூழலில்தான் தமிழ்ப் பொப்பிசை பிறந்தது.

யாழ்ப்பாணத்துத் துள்ளிசை

தமிழகத்தில் 'பாப்' என்று எழுதப்படுவதை இலங்கைத் தமிழர் 'பொப்' என்று எழுதுவர். 'துள்ளிசை' என்னும் பெயரும் அங்கு வழங்குகிறது. இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் நித்தி கனகரத்தினம். கிதாரை மீட்டிக்கொண்டு யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் அவர் பாடிய 'சின்ன மாமியே', மாமியிடம் அவருடைய இளைய மகளை விசாரிக்கும் குறும்புத்தனமான உரையாடலாகும். கள்ளுக்கடைக்குப் போகாதே என்று தொடங்கும் அவருடைய மற்றொரு பாடல், அறிவுரையையே ஆட்டப் பாட்டாக்கியது. செந்தமிழில் காதலைப் பாடுவதே மெல்லிசை என்றிருந்த காலத்தில், வீட்டுப் பேச்சையும் சந்தைப் பேச்சையும் அப்படியே மெட்டில் ஏற்றியதே இப்பாடல்கள் செய்த புதுமை. எம். பி. பரமேஷ், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன் முதலியோர் அவ்வழியில் வந்தனர்.

அவர்களுள் கடல் தாண்டிப் புகழ் பெற்றவர் ஏ. ஈ. மனோகரன். இலங்கைத் தமிழ்ப் படங்களில் நடிகராகவும் விளங்கிய அவர், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978-இல் வெளிவந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று இலங்கையிலும், சிலோன் மனோகர் என்று தமிழகத்திலும் கேரளத்திலும் அவர் அறியப்பட்டார். 1970-களில் அவர் பாடிப் பரவிய 'சுராங்கனி', மீன் கொண்டுவந்திருப்பதாக ஒரு பெண்ணை விளித்துச் சொல்வதைப் பல்லவியாகக் கொண்ட எளிய பைலா. அதனைச் சிங்களத்திலும் தமிழிலும் அவர் பாடினார். தமிழில் பாடும்போதும் சிங்களப் பல்லவியை மாற்றவில்லை. பல்லவியின் பொருள் புரியாத தமிழரும் அதை முழங்கினர் என்பதே பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

இப்பாடலின் கட்டமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. பெயரொன்றை அடுத்தடுத்து மும்முறை அழைப்பதில் பல்லவி தொடங்குகிறது. நான்கு அசைகள் கொண்ட அப்பெயரை அழுத்தி நீட்டுவதால், அழைப்பே தாளமாகி விடுகிறது. மெட்டு மேலை இசையின் மேஜர் ஸ்கேல் எனப்படும் சுரவரிசையில், அதாவது சங்கராபரணத்தின் சுரங்களை ஒத்த வரிசையில், ஒரு ஸ்தாயிக்குள்ளேயே அடங்கி நடப்பதால், பயிற்சியில்லாத குரலும் அதை எட்டிப் பிடிக்க முடிகிறது. கிதாரில் மூன்றே கார்டுகள், அதாவது மூன்று சுரக்கூட்டுகள், தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் பாடல் முழுவதையும் வாசித்து விடலாம். சரணங்கள் ஒன்றோடொன்று கதைத் தொடர்பில்லாமல் தனித்தனியே நிற்பதால், பாடுபவர் ஒன்றை விட்டுவிடலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம், கூட்டத்தில் இருப்பவர் பெயரைப் புகுத்தலாம். பல்லவி மட்டும் அசையாமல் நிற்க, மற்ற யாவும் கழற்றி மாட்டத்தக்க வகையில் அமைந்த இந்தக் கட்டமைப்பே அப்பாடலை எண்ணற்ற மறுபாடல்களுக்கு உரியதாக்கியது.

வானொலி கொண்டுவந்த வழி

இலங்கையில் பாடப்பட்ட ஒரு பாட்டு, கடற்கரையிலிருந்து வெகுதொலைவு உள்வாங்கிய மதுரைச் சமவெளியை அடைந்தது வானொலி வழியாக. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கியது. 1952 முதல் 1962 வரை இந்திய ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பு வகித்த அமைச்சர் பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியில் பெரிதும் குறைத்து, சாஸ்திரிய இசைக்கு முதலிடம் அளித்தார். திரைப்பாட்டைத் தேடிய நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. 1967-இல் இலங்கை வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாற்றியமைக்கப்பட்டது. 'பொங்கும் பூம்புனல்' என்னும் காலை நிகழ்ச்சியும், பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களும் தமிழகத்து வீடுகளில் உறவினர் குரல்களைப்போல் பழகியிருந்தன.

மதுரையிலிருந்து மேற்கே தேனி செல்லும் சாலையில், நாகமலைக் குன்றின் அடிவாரத்தில் அமைந்த நாகமலை புதுக்கோட்டை இந்த வானொலிக் காலத்தில் ஒரு மாற்றத்துக்கு உள்ளாகிக்கொண்டிருந்தது. மானாவாரி நிலங்களும் சிற்றூர்களும் நிறைந்த அப்பகுதியில் 1965-இல் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும், அதை அடுத்து 1966-இல் தொடங்கப்பெற்று 1978 முதல் காமராசர் பெயரைத் தாங்கிய மதுரைப் பல்கலைக்கழகமும் அமைந்தன. வெளியூர் மாணவர்களும் ஆசிரியர்களும் குடியேற, விடுதிகளும் டீக்கடைகளும் சாலையோரத்தில் பெருகின. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த அந்நாளில், பலரும் பாட்டுக் கேட்டது கடைப் பெட்டிகளிலும், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டப்பட்ட குழாய் ரேடியோக்களிலும்தான். 'ரேடியோ செட்' என்று இவ்வட்டாரத்தார் அழைக்கும் அந்த ஒலிபெருக்கித் தொழிலில், இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் போடுபவரே ஊரின் ரசனையை நிர்ணயித்தார். பக்திப் பாட்டில் தொடங்கி, பொழுது ஏற ஏற ஆட்டப் பாட்டுக்கு மாறும் அவருடைய வரிசையில் பைலாவுக்கு உரிய இடம் பின்னிரவும் மணமக்கள் ஊர்வலமுமாக இருந்தது.

வானொலி காற்றில் கொண்டுவந்ததை மனிதரும் கொண்டுவந்தனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வகுத்தது. 1970-களில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பங்கள் மண்டபம் முகாமின் வழியே தமிழகத்தின் பல மாவட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. தோட்ட லயங்களில் தப்புக்கும் தெம்மாங்குக்கும் பழகியிருந்த அவர்களுக்குச் சிங்களப் பைலாவும் தெரிந்தே இருந்தது.

திஸ்ரத்தின் உறவு

பொருள் தெரியாத பிறமொழிப் பாட்டு ஒன்று ஒரு வட்டாரத்தில் இத்துணை எளிதில் குடியேறியதற்கு வானொலி மட்டும் காரணமாகாது. அதே வானொலியில் ஒலித்து மறைந்த பிறமொழிப் பாடல்கள் ஏராளம். மெய்யான காரணம் தாளத்தில் இருக்கிறது. பைலாவின் தாளம் மேலை இசைக் கணக்கில் ஆறு–எட்டு எனப்படும். ஒரு வட்டத்தில் ஆறு சிற்றெண்ணிக்கைகள் வர, அவை மும்மூன்றாக இரு கூறுகளாகப் பிரிந்து 'தகிட தகிட' என்று நடக்கும். தமிழிசையில் இது திஸ்ர நடை. கும்மியின் அடிப்படை நடை இதுவே; நையாண்டி மேளத்தில் கரகாட்டம் சூடேறும் கட்டங்களில் தவிலும் பம்பையும் விரைவதும் பெரும்பாலும் இந்நடையில்தான்; மதுரைச் சுற்றுவட்டாரத் தெம்மாங்குகள் பலவும் இதில் அடங்கும். அதே ஆறு எண்ணிக்கையை மூவிரண்டாகவும் எண்ணலாம் என்பதால், கைதட்டுவோர் ஒரு கணக்கிலும் ஆடுவோர் மற்றொரு கணக்கிலும் செல்ல, இரண்டும் மோதி எழும் துள்ளல் பைலாவிலும் நையாண்டி மேளத்திலும் ஒன்றுபோல் தோன்றுகிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியக் கப்பல்களில் வந்த தாளமும், வைகைக் கரையின் தாளமும் ஒரே மூலத்தைக் கொண்டவை என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. தனித்தனியே வளர்ந்த இரு மரபுகள் ஒரே எண்ணிக்கையில் வந்து நின்றன. கரகத்துக்கு ஆடிப் பழகிய கால்கள் பைலாவுக்கும் அப்படியே ஆடின என்பதே போதுமானது. நாதஸ்வரமும் தவிலும் கொண்டு திரைப்பாட்டு வாசிக்கும் குழுக்களுக்கும், கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் கொண்ட பேண்டு வாத்தியக்காரர்களுக்கும், 'சுராங்கனி'யைத் தம் வரிசையில் சேர்த்துக்கொள்ளப் புதிய பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. சொல்லே இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் வாசிக்கப்படுவதும் மறுபாடலின் ஒரு வகையே. பல ஊர்களில் அப்பாடல் பரவியது இவ்வகையில்தான்.

நாட்டுப்புறப் பாடல்கள் இவ்வாறு ஊருக்கு ஊர் உருமாறுவதை ஆராயும் துறையும் நாகமலை புதுக்கோட்டைக்கு அருகிலேயே வளர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைத் துறைப் பேராசிரியராக இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், தம் கணவர் நவநீதகிருஷ்ணனோடு ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டி, அவற்றை மேடையிலும் ஒலிநாடாவிலும் பாடிப் பரப்பினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வயலில் பாடியவரின் பாட்டை மேடைக்கேற்றவாறு அமைத்துப் பாடுவதும் மறுபாடலே என்பதையும், அதில் பாடியவருடைய ஊரையும் சூழலையும் குறித்துவைப்பதே ஆய்வாளரைப் பாடகரிடமிருந்து வேறுபடுத்துகிறது என்பதையும் அத்துறையின் பணி காட்டுகிறது.

திரைக்கு வந்த பைலா

1977-இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில், மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாட, இளையராஜாவின் இசையில் 'சுராங்கனி' இடம்பெற்றது. 'அன்னக்கிளி' வெளியாகி அதிக நாள் ஆகாத நிலையில், மச்சானைத் தேடும் கிராமத்துப் பெண்ணின் குரலைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்றே இளையராஜாவை நாடு அறிந்திருந்தது. அந்நிலையில் கடல் கடந்த ஆட்டப் பாட்டொன்றை அவர் எடுத்தாண்டது முரணாகத் தோன்றலாம். ஆயினும் தெம்மாங்கில் எதைக் கேட்டாரோ அதையே பைலாவிலும் கேட்டார் என்று கொள்வதே பொருத்தமானது. பாவலர் குழுவின் மேடைகளில் புழங்கிய மெட்டுக்குச் சொல் பொருத்தும் பயிற்சியும் இதற்குத் துணைநின்றிருக்க வேண்டும்.

திரைவடிவம் பல்லவியின் சிங்களச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, சரணங்களுக்குத் தமிழ்ச் சொற்களை அமைத்தது. இந்த முடிவில் கூர்மையான செவி தெரிகிறது. பல்லவியைத் தமிழாக்கியிருந்தால் பொருள் கிடைத்திருக்கும், அழைப்பின் ஒலி போயிருக்கும். சரணங்களையும் சிங்களத்திலேயே விட்டிருந்தால் பாடல் வேடிக்கைப் பொருளாக நின்று சில வாரங்களில் மறந்துபோயிருக்கும். மலேசியாவில் பிறந்து வளர்ந்து, பல மொழிகளின் ஒலிகளுக்கிடையே பாடிப் பழகிய மலேசியா வாசுதேவனின் கணீரென்ற குரல் அதற்கு மிகப் பொருந்தியது. அதே ஆண்டில் '16 வயதினிலே' படத்தின் 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு' அவரை நாடறியச் செய்தது. திரைவடிவத்துக்குப் பின்னர், தமிழகத்துக் கேட்போர் பலருக்கு 'சுராங்கனி' திரைப்பாட்டாகவே மனத்தில் பதிந்தது. சிலோன் மனோகரின் மேடைகளை அறிந்தோருக்கு அவருடைய பாட்டாகவே நிலைத்தது. இவ்விரு நினைவுகளும் அருகருகே வாழ்கின்றன.

1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் இலங்கைத் தமிழர் உலகெங்கும் சிதறியபோது, பொப்பிசைப் பாடல்களும் அவர்களோடு டொரொன்டோவுக்கும் இலண்டனுக்கும் சிட்னிக்கும் சென்றன. கசெட்டுகளிலும் பின்னர் குறுந்தட்டுகளிலும் அவை மீண்டும் மீண்டும் பதிவாகி, திருமண மண்டபங்களில் கூட்டிசையாக நிலைபெற்றன. போரும் இனப்பகையும் மொழிகளைப் பிரித்து நிறுத்திய அந்த ஆண்டுகளிலும், சிங்களப் பல்லவி கொண்ட ஒரு பாட்டைத் தமிழர் தம் மகிழ்ச்சிப் பொழுதுகளில் பாடுவதை நிறுத்தவில்லை. இலங்கையின் பைலா மேடைகளில் சிங்களரும் அதைப் பாடுவதை நிறுத்தவில்லை. மனோகரன் சென்னையில் குடியேறி, தமிழ், மலையாளப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்து, 2018 ஜனவரியில் 73-ஆம் வயதில் காலமானார். அவருடைய மறைவுச் செய்திகளில் பெரும்பாலானவை அவரை 'சுராங்கனி' பாடியவர் என்றே அறிமுகப்படுத்தின.

சட்டத்தின் கணக்கு

மறுபாடலைச் சட்டம் எவ்வாறு காண்கிறது என்பதைக் குறிப்பிடாமல் இவ்வரலாறு நிறைவுறாது. தானாக இயங்கும் பியானோக்களுக்கான துளையிட்ட காகிதச் சுருள்கள் அமெரிக்காவில் பெருகியபோது, பாட்டை அமைத்தவருக்கு அதில் பங்கில்லை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1908-இல் தீர்ப்பளித்தது. அதற்கு விடையாக 1909-ஆம் ஆண்டின் சட்டம், ஒருமுறை பதிவுக்கு இசைவு அளிக்கப்பட்ட பாட்டை, குறிப்பிட்ட கட்டணம் செலுத்தி எவரும் மறுபதிவு செய்யலாம் என்று வகுத்தது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. 1980-களில் கசெட் வணிகம் பெருகியபோது, பழைய திரைப்பாடல்களைப் புதிய பாடகர்களைக் கொண்டு பாடவைத்து மலிவு விலையில் விற்கும் தொழில் இதன் துணையால் தழைத்தது. 2012-ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பழைய விதியை நீக்கி, 31சி என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது.

அப்பிரிவின்படி, முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டின் முடிவிலிருந்து 5 ஆண்டுகள் கழியாமல் மறுபாடல் பதிவு செய்யக் கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்குரிய உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். இது மறுபாடல் என்பதை உறையிலேயே அச்சிட வேண்டும். முதலில் பாடியவருடைய பெயரையோ படத்தையோ உறையில் இட்டு வாங்குவோரை மயக்கக் கூடாது. தொழில்நுட்பத் தேவைக்கு மேல் சொல்லிலோ இசையிலோ மாற்றம் செய்யக் கூடாது. இந்த இறுதி நிபந்தனையே வரலாற்றாசிரியரின் கவனத்துக்கு உரியது. மெட்டை வைத்துக்கொண்டு சரணத்தை மாற்றுவது, பாஸ்கரதாஸ் காலத்திலிருந்து தமிழ் மேடை போற்றிவந்த முறை. சட்டத்தின் கண்ணில் அது மறுபாடல் ஆகாது, உரிமையாளரின் தனி இசைவு வேண்டும் தழுவலாகவே கருதப்படும். தமிழரின் இசைப் பழக்கமும் இன்றைய சட்டமும் 'பாடல்' என்று சுட்டுவது ஒன்றையன்று.

இரண்டில் எது சரியானது என்று கேட்பதைவிட, இரண்டும் எதைப் பாதுகாக்கின்றன என்று கேட்பதே பயனுடையது. சட்டம், பாட்டை அமைத்தவரின் வருவாயையும் பெயரையும் காக்கிறது. மரபு, பாட்டு வழங்குவதற்கான சுதந்திரத்தைக் காக்கிறது. ஆனால் பழைய மரபில் பெயரும் காக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. சந்தைப் பாட்டுப் புத்தகத்தில் புதுப் பாட்டின் தலைமேல் பழைய பாட்டின் பெயரை அச்சிட்டவர்கள் எந்தச் சட்டத்துக்கும் அஞ்சி அதைச் செய்யவில்லை. பின்னர் வந்த இசைத்தட்டு வணிகமோ படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் என்று வட்டச் சீட்டில் இடம் ஒதுக்கியபோது, மெட்டின் மூலத்துக்கென்று ஓர் இடத்தை வழக்கமாக ஒதுக்கவில்லை. வர்ணமெட்டுக் குறிப்பு மறைந்ததே தமிழ்த் திரையிசை வரலாற்றில் நேர்ந்த இழப்புகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது.

'சுராங்கனி'யின் வாழ்வு இதற்கு ஓர் அளவுகோலாக நிற்கிறது. பாடியவர் மாறினார், சரணம் மாறியது, வாத்தியம் மாறியது, கேட்கும் கருவியும் ரேடியோ செட்டிலிருந்து கைப்பேசி வரை மாறியது. பெயர் சொல்லி அழைக்கும் பல்லவியும் திஸ்ர நடையும் மட்டும் மாறவில்லை. ஆகவே அப்பாடல் என்பது அவ்விரண்டுமே. அவ்விரண்டையும் தமிழகத்துக்குத் தந்தது இலங்கைக் கரையின் பைலா மரபு. தமிழ்க் கேட்போர் வாயில் ஏற்றியவர் ஏ. ஈ. மனோகரன்; திரையின் வழியே வீடுதோறும் சேர்த்தது 1977-இன் படம். இம்மூன்றையும் ஒருசேரச் சொல்லாத எந்தப் பட்டியலும் குறையுடையதே. மேடையில் இப்பாடலைப் பாடும் மெல்லிசைக் குழுவினரும், புதிதாகப் பதிவு செய்து வெளியிடும் இளைஞரும், பழைய பாட்டுப் புத்தகக்காரர்கள் செய்ததைப்போல், பாட்டின் தலைப்பில் ஒரு வரி சேர்த்து அது வந்த வழியைக் குறிப்பிடுவார்களானால், அந்த இழப்பு ஓரளவேனும் ஈடுசெய்யப்படும்.